சம்படத்தில் இருந்த கிளமெண்டே

2022 ஆகஸ்டில் அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மேண்டிலின் படம் போட்டு டாப்ஸ் கம்பெனி 1952இல் அச்சிட்ட கார்டு ஒன்று 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. செய்தி வந்த மறுநாள் பிட்ஸ்பர்கிலிருந்து அக்கா அழைத்தாள். “தம்பி, உன் பேஸ்பால் கார்டுகளை அம்மா தூக்கிப் போடவில்லை. பழைய முறுக்குச் சம்படத்தில் போட்டு வைத்திருக்கிறாள்.”

அந்த எவர்சில்வர் சம்படத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அந்த ஊர்ப் பழைய வீடுகளின் பேஸ்மென்ட் ஈரத்தில் அட்டைப்பெட்டிக் கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாளமாகிவிடும். இவை விறைப்பாக இருந்தன. மூடியைத் திறந்ததும் சூயிங்கம் வாசனை லேசாக வந்தது. அப்போதெல்லாம் ஒவ்வொரு கார்டு பாக்கெட்டிலும் மாவு தடவிய இளஞ்சிவப்புச் சூயிங்கம் ஒன்று இருக்கும். வாயில் போட்டால் ஓடு போல உடையும். அதை ஒட்டியிருந்த கார்டில் மட்டும் கறை படிந்துவிடும்.

பிரித்து அடுக்க மூன்று இரவுகள் ஆயின. முக்கால்வாசி 1987ஆம் ஆண்டு டாப்ஸ், மரப்பலகை போன்ற ஓரம் கொண்டவை. எங்கள் ஊர் பைரேட்ஸ் அணியில் அப்போது ஆடிய பாரி பாண்ட்ஸின் கார்டு மட்டும் பதினொன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் நாங்கள் அதற்காக அடித்துக்கொள்வோம். ஆனால் அந்த ஆண்டுகளில் கம்பெனிகள் அளவில்லாமல் அச்சடித்துத் தள்ளியதால் இன்று அவற்றுக்குச் சில டாலர்கள்தான். வருத்தமில்லை. அவற்றை விற்கும் எண்ணமும் இல்லை.

அடியில் தனி உறையில் இருந்தது நான் தேடிய கார்டு: 1968, எண் 150, கிளமெண்டே. சாக்குத்துணி நெசவு போன்ற பழுப்பு ஓரம். 1988இல் பக்கத்து வீடுகளின் வாசலில் பனி அள்ளிச் சேர்த்த 15 டாலருக்கு அதை வாங்கினேன். கிளமெண்டே ஆடி நான் பார்த்ததில்லை. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து, பைரேட்ஸுக்காகவே பதினெட்டுப் பருவங்கள் ஆடி, சரியாக 3,000 ஹிட்டுகள் அடித்தவர். 1972 டிசம்பர் 31 அன்று நிகரகுவா பூகம்பத்தில் தவித்தவர்களுக்கு உதவிப் பொருள்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட விமானம் கடலில் விழுந்து இறந்தார். பிட்ஸ்பர்கில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதையை யாராவது ஒரு பெரியவர் சொல்லியிருப்பார்.

அந்தக் கார்டில் அவர் பெயர் ‘பாப் கிளமெண்டே’. ரொபேர்ட்டோ என்ற பெயரை ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் சுருக்கி அச்சிட்டார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை; 1970ஆம் ஆண்டுக் கார்டில்தான் சொந்தப் பெயர் திரும்பியது. எனக்கு வைத்திருந்த என் தாத்தாவின் பெயரான சண்முகசுந்தரமும் வகுப்பில் ‘ஷான்’ ஆகியிருந்தது. வீட்டில் அம்மா தமிழ் எழுத்து சொல்லிக்கொடுத்துவந்த காலம் அது. பதினொரு வயதில், நீலப் பால்பாயின்ட் பேனாவால், கார்டின் பின்புறம் ‘ரொபேர்ட்டோ’ என்று தமிழில் எழுதிவிட்டேன்.

கார்டுக் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் நான்கு முனைகளையும் பார்த்தார். இரண்டில் அட்டையின் தாள் அடுக்குகள் பிரிந்து பஞ்சு போல நின்றன. படம் இடப்பக்கம் சற்று ஒதுங்கியிருந்தது. பிறகு திருப்பினார். மையை அழிக்கலாமா என்று நானே கேட்டேன். “தொடவே தொடாதீர்கள்” என்றார். அழித்தாலோ ஓரத்தை வெட்டினாலோ, கார்டுகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று தரம் போடும் கம்பெனிக்காரர்கள் மாற்றப்பட்ட கார்டு என்று ஒதுக்கிவிடுவார்கள், எண் தரம் கிடைக்காது. எழுத்து இருந்தால் தரம் குறையும், அவ்வளவுதான்.

அப்படித் தரம் போட அனுப்பினேன். அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கெட்டியான பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள். வெளியே எடுக்கும்போதே முனை நசுங்கலாம். முதலில் மெல்லிய உறை, பிறகு வளைந்துகொடுக்கும் உறை, இருபுறமும் அட்டை, சுற்றிலும் எளிதில் உரியும் டேப். படிவத்தில் மதிப்பை உண்மையாக எழுதுங்கள். கட்டணமும் காப்பீடும் அதை வைத்துத்தான். எடுத்துவைக்கும்போது என் கை வேர்த்தது. துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டேன்.

ஏழு வாரம் கழித்துப் பார்சல் வந்தது. பத்துக்கு 4. பக்கத்தில் ‘எம்கே’ என்று இரண்டு எழுத்து: குறியிடப்பட்டது என்று பொருள். அந்த இரண்டு எழுத்தால் விலை நன்றாகவே இறங்குகிறது என்பது எனக்குத் தெரியும். 1968இல் அச்சான இந்தக் கார்டுகள் இன்னும் எத்தனையோ பேரிடம் இருக்கும். இப்படி ஒன்று என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

தீபாவளிக்குப் பிட்ஸ்பர்க் போனபோது அம்மாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் உறையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தாள்.

“கொம்பை எழுத்துக்குப் பின்னால் போட்டிருக்கிறாய், பார்” என்றாள்.