11 செகண்டு

எங்க ஊரு கொழிஞ்சாம்பாறை. மேப்புல கேரளா, பாலக்காடு ஜில்லா, ஆனா சந்தையில நின்னு கேட்டீங்கன்னா பாதிப்பேரு தமிழ்தான் பேசுவாங்க. பக்கத்துல ஒரு சின்ன தபாலாபீஸ்ல தபால் குடுக்கற வேலை எனக்கு, 14 வருஷமா சைக்கிள்லதான் போறேன், தமிழ்க்காரங்க போஸ்ட்டு அக்காம்பாங்க, மலையாளத்துக்காரங்க போஸ்ட் சேச்சிம்பாங்க. வயசு 39. போன தை மாசம் இந்தப் பக்கத்துல ஒரு வாரம் நடந்த அமெச்சூர் சைக்கிள் ரேஸ்ல நான் கலந்துக்கிட்டேன், நாலு ரேஸு, நாலோட டைமையும் கூட்டி யாருக்குக் கம்மியோ அவங்கதான் சாம்பியன். எப்படிப் போச்சுன்னு நெறைய பேரு கேக்கறாங்க, அதான் முழுசா எழுதிடலாம்னு.

சைக்கிள் செகண்ட் ஹேண்டு, கோயம்புத்தூர்ல ஒரு ஐடி தம்பிகிட்ட 38,000 ரூபாய்க்கு வாங்கினது, அலுமினியம் ஃப்ரேம், கியர்ப் பல்லு முன்னாடி 50-34, பின்னாடி 11-32. தபால் பையைக் கேரியர்ல கட்டிக்கிட்டு 14 வருஷம் மிதிச்ச காலுக்கு அதுல மொதத் தடவ ஏறினப்ப காத்துல பறக்கற மாதிரி இருந்துச்சு. ஒம்பதாவது படிக்கற எம்பொண்ணுதான் ஃபாரம் எல்லாம் ஃபில் பண்ணா. மெடிக்கல் சர்டிபிகேட், ஹெல்மெட் போட்டோ, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு நம்பர், எல்லாம் கேட்டாங்க. பொண்ணுங்க பிரிவுல மொத்தம் 7 பேரு. அதுல ரெண்டு பேரைப் பத்திச் சொல்லியே ஆகணும். ஒருத்தி கோயம்புத்தூர் பொண்ணு, 26 வயசு, மலை ஏறினா ஆளே கண்ணுக்குத் தெரியாது. இன்னொருத்தங்க திருச்சூர் டாக்டர் சேச்சி, என்னை விடப் பெரியவங்க, அவங்க பெடல் சுத்தறதைப் பாத்தா கடிகாரம் ஓடற மாதிரியே இருக்கும்.

மொத ஞாயித்துக்கிழமை டைம் ட்ரையல். ஒவ்வொருத்தரா ஒரு நிமிஷம் இடைவெளி விட்டு அனுப்புவாங்க, யாரு பின்னாடியும் ஒண்டக்கூடாது. கோபாலபுரம் ரோட்டுல கிழக்க 10 கிலோமீட்டர் போயி திரும்பி 10 கிலோமீட்டர். இங்க காத்தைப் பத்திச் சொன்னாத்தான் மத்தது புரியும். நீலகிரிக்கும் ஆனமலைக்கும் நடுவுல மலை விட்டுப்போன இடந்தான் பாலக்காட்டுக் கணவாய், சுமார் 30 கிலோமீட்டர் அகலம், ரெண்டு பக்கமும் சுவரு மாதிரி மலை நிக்கறதால காத்து பூராவும் இந்த ஒரு வாசல் வழியாத்தான் போய் வரும். ஆடியில மேக்க இருந்து அடிக்கும். கார்த்திகையில திரும்பிக்கிட்டு கிழக்க இருந்து அடிக்க ஆரம்பிக்கும், மலையாளத்துல விருச்சிகக் காத்துன்னு பேரு, தை வரைக்கும் விடாது. பனமரத்து ஓலை சலசலக்கற சத்தத்தை வச்சே இன்னிக்கு எவ்வளவு காத்துன்னு நாங்க சொல்லிடுவோம்.

வெளியூர்ல இருந்து வந்தவங்க நெறைய பேரு, எதிர்காத்துல பலத்தை வேஸ்ட் பண்ணாம மெதுவாப் போயிட்டு, திரும்பி வரும்போது காத்து தள்ளுமே அப்ப வெரட்டலாம்னு நெனச்சாங்க. அது அப்படியே தலைகீழ். எதிர்காத்துலதான் நேரம் நெறைய செலவாகுது, அதனால அங்க கொஞ்சம் கூடுதலா மிதிச்சா மிச்சமாகற செகண்டும் நெறைய. பின்காத்துல ஏற்கெனவே வேகமாப் போயிட்டிருக்கோம், அதுக்கு மேல வேகம் கூட்டணும்னா காத்து தடுக்கறது மடங்கு மடங்கா ஏறும், உசுரைக் குடுத்தாலும் நாலஞ்சு செகண்டுதான் கெடைக்கும். இதெல்லாம் அப்புறமா எம்பொண்ணு படிச்சுச் சொன்ன கணக்கு, எனக்கு இது தபால் பை சொல்லிக் குடுத்தது. போகும்போது தலையைக் கவுத்து, முழங்கையை ஒடுக்கி, மூச்சு வாங்க வாங்க மிதிச்சேன், 24 நிமிஷம் 10 செகண்டுல திருப்பம் வந்துச்சு. வரும்போது பெரிய கியர்ல போட்டு மூச்சை நிதானத்துக்குக் கொண்டாந்துட்டு ஓட்டினேன். மொத்தம் 38:52. டாக்டர் சேச்சி 39:15, கோயம்புத்தூர் பொண்ணு 39:31.

நான்தான் மொத இடம்! போர்டுல எம்பேரு மேல இருந்துச்சு. எங்க வீட்டுக்காரர் எளநீ லோடு வேனோட அங்கயே நின்னுட்டு இருந்தாரு, வந்து எதுவுமே பேசல, ஒரு எளநீயைச் சீவி கையில குடுத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு, கண்ணு கலங்கியிருந்துச்சு.

செவ்வாக்கிழமை மலை. ஆழியார்ல இருந்து வால்பாறை ரோடு, மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவு, எங்களுக்கு 9வது வளைவு வரைக்கும். 6 மணிக்கு செக்போஸ்ட் தொறந்தாத்தான் உள்ள விடுவாங்க, பிளாஸ்டிக் இருக்கான்னு பையெல்லாம் சோதிச்சாங்க, குளுருல கை வெறைச்சுப் போயி நின்னுட்டு இருந்தோம். எனக்கு மலை பழக்கம் இல்ல, எங்க ஊரு முழுக்க சமதரை. அதுவும் மொத இடத்துல இருக்கறவங்க கடைசியாக் கெளம்பணும், மத்தவங்க எல்லாரும் போறதைப் பாத்துப் பாத்து எனக்குள்ள ஒரு படபடப்பு ஏறிடுச்சு. கெளம்பின உடனே வெரட்ட ஆரம்பிச்சேன், மொத ரெண்டு வளைவு நல்லாத்தான் இருந்துச்சு, நாலாவது வளைவுல தொடை ரெண்டும் கல்லு மாதிரி ஆயிடுச்சு, சின்ன கியருக்குத் தட்டிட்டேன், அதுக்குக் கீழ கியரே இல்ல. அஞ்சாவதுல இருந்து ஒவ்வொரு போர்டாப் பாத்துக்கிட்டே ஏறினேன், 5/40, 6/40, எட்டாவதுல காலைல தின்ன இட்லி வெளிய வந்துடுச்சு, எறங்கல, ஓட்டிக்கிட்டேதான் வாந்தி எடுத்தேன். 9வது வளைவுல லோம்ஸ் வியூ பாயின்ட், கீழ ஆழியார் டேம் தண்ணி பளபளன்னு கெடக்குது, பாறை மேல வரையாடு ரெண்டு நின்னு என்னையப் பாக்குது. அந்த எடத்தோட அழகு எல்லாம் அன்னிக்கு எனக்கு உள்ள எறங்கவே இல்ல, சுவத்துல சாஞ்சு உக்காந்து அழுதேன்.

கோயம்புத்தூர் பொண்ணு மொதல்ல, டாக்டர் சேச்சி அவளுக்கு 50 செகண்டு பின்னாடி, நான் 1 நிமிஷம் 32 செகண்டு பின்னாடி. கூட்டிக் கழிச்சா பொண்ணு மொத இடம், டாக்டர் 34 செகண்டு பின்னாடி, நான் 53 செகண்டு பின்னாடி மூணாவது. "இன்னும் ரெண்டு இருக்குதே புள்ள, அதுக்குள்ள எதுக்கு அழுகற"ன்னாரு வீட்டுக்காரர். புதன், வியாழன் ரெண்டு நாளும் லீவு போடாம தபால் குடுத்தேன், மெதுவா சைக்கிள் ஓட்டினாத்தான் கால் பிடிப்பு விடும்.

வெள்ளிக்கிழமைதான் நான் சொல்லியே ஆகணும்னு நெனச்ச நாளு. முதலமடை பக்கம் மாந்தோப்புக்கு நடுவுல 6 கிலோமீட்டர் சுத்து, அதை 6 தடவ. மாமரம் எல்லாம் பூவெடுத்து அந்த வாசம் ரோடு பூரா இருந்துச்சு. எங்களுக்கு ரெண்டு நிமிஷம் பின்னாடி 40 வயசுக்கு மேல உள்ள ஆம்பளைங்க பிரிவு கெளம்பும், அவங்க எங்களைத் தாண்டிப் போகலாம், ஆனா ஒரு பிரிவுக்காரங்க இன்னொரு பிரிவுக்காரங்க வீலைப் புடிச்சு ஒண்டிப் போகக்கூடாது, கெளம்பறதுக்கு முன்னாடியே மைக்ல ரெண்டு தடவ சொன்னாங்க. ஒருத்தர் முதுகுக்குப் பின்னாடி ஒட்டிப் போனா நம்ம உழைப்புல மூணுல ஒரு பங்கு கொறையும், அதுக்காகத்தான் அந்த ரூலு.

நாலாவது சுத்துல ஒரு திருப்பத்துல தென்னமட்டை ஏத்தின டிராக்டர் குறுக்க வந்துருச்சு, நான் பிரேக்கு புடிக்க, எனக்கு முன்னாடி இருந்த பொண்ணுங்க அஞ்சு பேரும் போயிட்டாங்க. அம்பது மீட்டர் இருக்கும். காத்துல தனியா அந்த அம்பது மீட்டரைக் கடக்கறது எவ்வளவு கஷ்டம்னு ஓட்டினவங்களுக்குத் தெரியும். அப்பத்தான் ஆம்பளைங்க கூட்டம் என்னையத் தாண்டுச்சு. நான் விலகித்தான் நின்னேன், ஆனா கடைசி ஆளு போகும்போது அவரு பின்னாடி அந்தக் காத்தில்லாத எடம் வந்துச்சு பாருங்க, வெயில்ல போறவங்க நெழலைக் கண்டா மாதிரி எங்காலு தானா உள்ள போயிடுச்சு. ஒரு கிலோமீட்டர் கிட்ட அங்கயே இருந்தேன். அவங்க எங்க பொண்ணுங்களைத் தாண்டும்போது நான் விலகி எங்க கூட்டத்தோட சேந்துக்கிட்டேன். முடியும்போது ஆறு பேருக்கும் ஒரே டைமு.

சாயங்காலம் ரிசல்ட்டு வந்தா எனக்கு 30 செகண்டு அபராதம். டாக்டர் சேச்சிதான் நடுவர்கிட்டச் சொல்லியிருக்காங்க. நான் நேரா அவங்ககிட்டப் போனேன், கோவத்துல என்ன பேசினேன்னு முழுசா ஞாபகம் இல்ல, டிராக்டர் வந்தது என் தப்பான்னு கேட்டேன். அவங்க சத்தம் போடாம, "ரூல் ரூலாணு மோளே"ன்னு மட்டும் சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. டிராக்டர் நெசம், அதே மாதிரி நான் உள்ள போனதும் நெசம். அந்த ஒரு கிலோமீட்டர் நெழல் இல்லன்னா நான் அவங்களைப் புடிச்சிருப்பனா? புடிச்சிருக்க மாட்டேன்னுதான் இப்பவும் நெனைக்கறேன், முப்பதுக்கு மேலயே போயிருக்கும். சனிக்கிழமை காலைல போன் பண்ணி மன்னிச்சுக்கங்க சேச்சின்னு சொல்லிட்டேன்.

இப்ப நான் கோயம்புத்தூர் பொண்ணுக்கு 1:23 பின்னாடி, டாக்டருக்கு 49 செகண்டு பின்னாடி. சனிக்கிழமை ராத்திரி எம்பொண்ணு ஒரு கதை சொன்னா. 1989ல டூர் டி பிரான்ஸ்ல கடைசி நாளு, பிரான்ஸ்காரரு ஃபினியோன் 50 செகண்டு முன்னாடி இருந்தாராம், 24.5 கிலோமீட்டர் டைம் ட்ரையல் ஒண்ணுதான் பாக்கி, அதுல அமெரிக்காக்காரரு லெமாண்ட் அந்த 50ஐயும் தாண்டி 8 செகண்டுல ஜெயிச்சிட்டாராம், மூணாயிரம் கிலோமீட்டருக்கு மேல ஓட்டி கடைசில 8 செகண்டு. "உனக்கு 49 தாம்மா"ன்னா. வெல்லமும் நேந்திரம்பழமும் கடலமிட்டாயும் எடுத்து வச்சுட்டுப் படுத்தோம்.

ஞாயித்துக்கிழமை ரோடு ரேஸு, 64 கிலோமீட்டர். மொதல்ல ஊரைச் சுத்தி ரெண்டு சுத்து, அப்புறம் தெக்க மீனாட்சிபுரம் வரைக்கும், அங்க இருந்து மேக்க திரும்பி கோவிந்தாபுரம், முதலமடை, கொல்லங்கோடு கிட்ட முடியும். அந்தத் தெக்க போற ரோட்டை நெனச்சுத்தான் நான் ஒரு வாரமாக் காத்திருந்தேன். கிழக்க இருந்து காத்து, நாம தெக்க போறோம், அப்ப காத்து இடது பக்கத்துல இருந்து குறுக்க அடிக்கும். குறுக்குக் காத்துல ஒதுங்கற எடம் நேர் பின்னாடி இருக்காது, பின்னாடி வலது பக்கமா இருக்கும். அதனால ஒவ்வொருத்தரும் முன்னாடி இருக்கறவங்களுக்கு வலது பக்கமாச் சாஞ்சு விசிறி மாதிரி நிப்பாங்க. ஆனா ரோடு மூடல, வண்டி வரும், நடுக்கோட்டைத் தாண்டினா ரேஸ்ல இருந்தே தூக்கிடுவாங்க. அப்ப பாதி ரோட்டுல எத்தன பேருக்கு எடம் இருக்குங்கறது முன்னாடி ஓட்டறவங்க எங்க ஓட்டறாங்கங்கறதைப் பொறுத்தது. ஓரத்துல ஓட்டினா நாலு பேரு ஒதுங்கலாம். நான் ஓரத்துல ஓட்டல.

தோப்பு முடிஞ்சு வெறும் கடலக்காடு ஆரம்பிக்கற எடம் ஒண்ணு இருக்கு, அங்க காத்து அறையற மாதிரி வரும், தபால் பையோட எத்தனையோ நாளு அங்க தள்ளாடியிருக்கேன். அதுக்கு இருநூறு மீட்டர் முன்னாடி நான் முன்னாடி வந்து, நடுக்கோட்டுல இருந்து ஒரு ஆளு அகலம் மட்டும் விட்டுட்டு மிதிச்சேன் பாருங்க. கோயம்புத்தூர் பொண்ணு சூதானக்காரி, உடனே அந்த ஒரு எடத்துல வந்து நின்னுட்டா. டாக்டர் சேச்சி மூணாவது, அவங்களுக்கு ஒதுங்க எடமே இல்ல, நேர் பின்னாடி முழுக் காத்துல நின்னாங்க. நான் ஒரு நிமிஷம், அவ ஒரு நிமிஷம்னு மாத்தி மாத்தி முன்னாடி வந்து இழுத்தோம். மூணாவது தடவ திரும்பிப் பாக்கறேன், இருபது மீட்டர். அப்புறம் அம்பது. அப்புறம் அவங்க மத்தவங்களோட சேந்து ஒரு புள்ளி மாதிரி.

மீனாட்சிபுரத்துல மேக்க திரும்பின உடனே காத்து முதுகுல. முதலமடை தாண்டும்போது வேகம் 45க்கு மேல, இடது பக்கத்துல நெல்லியாம்பதி மலை சுவரு மாதிரி நிக்குது, ரோட்டோரத்துல பசங்க ரெண்டு பாஷையிலயும் கத்தறாங்க, ஒருத்தன் "போஸ்ட்டக்கா போஸ்ட்டக்கா"ன்னு கூடவே ஓடியாறான், அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. பொண்ணு கொஞ்சம் இழுக்கறதைக் கொறைச்சா, அவளுக்கு 1:23 இருக்கு, அவ என் வீல்லயே இருந்தாப் போதும். "அக்கா, ரேஸை நீங்க எடுத்துக்கங்க, எனக்குச் சாம்பியன்ஷிப் போதும்"னு சொன்னா. எனக்கு அப்படி வேண்டாம், ஓட்டிப் பாப்போம் கண்ணுன்னேன். கடைசி இருநூறு மீட்டர்ல ரெண்டு பேரும் எந்திரிச்சு நின்னு மிதிச்சோம், அவ நெசமாத்தான் மிதிச்சா, முன்வீல் பாதி நீளத்துல நான் ஜெயிச்சேன்.

சைக்கிளைக் கீழ போட்டுட்டு திரும்பி நின்னு கையில இருந்த வாட்ச்சையே பாத்துட்டு இருந்தேன். 49 செகண்டு வேணும். முப்பது ஆச்சு, முப்பத்தஞ்சு ஆச்சு, ரோட்டுல தலை தெரிஞ்சுது, முப்பத்தெட்டுல டாக்டர் சேச்சி கோட்டைத் தாண்டிட்டாங்க, மூஞ்சியெல்லாம் உப்புப் பூத்து, வாய தொறந்தமேனிக்கு. 11 செகண்டுல எனக்கு மூணாவது இடம்.

அந்த 30 இல்லன்னா ரெண்டாவது வந்திருப்பேன்னு எங்க வீட்டுக்காரர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாரு. நான் போட வேண்டாம்னுட்டேன். டாக்டர் சேச்சி வந்து எந்தோளைப் புடிச்சுக்கிட்டு அந்தக் கடலக்காட்டுல நீ எங்க நின்னே, எதுக்கு அங்க நின்னேன்னு கேட்டாங்க, பாதி மலையாளம் பாதி தமிழு. நான் தண்ணி பாட்டிலையும் மூடியையும் வேன் பானெட் மேல வச்சு, இது நான், இது அவ, இது நீங்கன்னு காட்டினேன். ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தாங்க.

மாசம் ஒரு தடவ போன் பண்றாங்க. மலை ஏறறது எப்படின்னு அவங்க எனக்குச் சொல்லித் தரணும், காத்துல நிக்கறது எப்படின்னு நான் அவங்களுக்கு. ஆடியில வாங்க சேச்சின்னு சொல்லியிருக்கேன், அப்ப காத்து மேக்க இருந்து வரும், அதே ரோட்டுல நீங்க எனக்கு இடது பக்கம் ஒதுங்கணும்னு.