அம்மம்மாவுக்காக ஒரு ஒன்லைன் வகுப்பு

கிளினிக்கில் அம்மம்மாவுக்கு டிமென்ஷியா, அதாவது நினைவும் யோசனையும் மங்கிப்போகும் வருத்தம், என்று சொன்னார்கள், குளிசை எழுதித் தந்தார்கள், அடுத்த திகதி போட்டார்கள். வீட்டில் எப்படிச் சமாளிப்பது என்று யாரும் சொல்லவில்லை, வெளியே நின்ற சனத்தைப் பார்த்தால் அதற்கு நேரமும் இருந்திருக்காது.

அதனால் நானே தேடி, தாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தின் 'அண்டர்ஸ்டாண்டிங் டிமென்ஷியா' வகுப்பில் சேர்ந்தேன். இலவசம். மருத்துவம் படித்திருக்கத் தேவையில்லை, ஆனால் நினைத்த நாளில் தொடங்க முடியாது, அவர்கள் திறக்கும் திகதிக்குக் காத்திருக்க வேண்டும். மூளை, நோய்கள், மனிதர் என்று மூன்று பகுதி. எல்லாம் ஆங்கிலம்தான், பார்த்துவிட்டு இரவில் அம்மாவுக்குத் தமிழில் சொல்வேன்.

மூளைப் பகுதி நமக்கெதற்கு என்றுதான் நினைத்தேன், ஆனால் அம்மாவின் கோபத்தைக் குறைத்தது அதுதான். புதிதாக நடப்பதைப் பதிந்துவைக்க உதவும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பாகம், டிமென்ஷியாவை அதிகம் உண்டாக்கும் அல்சைமர் நோயில் ஆரம்பத்திலேயே அடிபட்டுவிடுகிறது, ஆக ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது அடம் அல்ல, சொன்ன பதில் உள்ளே பதியவே இல்லை. "அப்ப என்ர கலியாணம் மட்டும் எப்பிடி ஞாபகம் இருக்கு?" என்றார் அம்மா. சரியான கேள்வி. பழைய நினைவுகள் மூளையின் வேறு பாகங்களில் ஊறிவிட்டதால் அவை பிந்தித்தான் அழியுமாம்.

திடீர்க் குழப்பம் வேறு என்பதும் அங்கே படித்ததுதான். டிமென்ஷியா மெல்ல மெல்லத்தான் கூடும். ஓரிரு நாளில் ஆள் தலைகீழாக மாறினால் உடனே டொக்டரிடம் காட்ட வேண்டும். அம்மம்மா அப்படி ஒருமுறை எங்களையே அடையாளம் தெரியாமல் பிதற்றியபோது, வருத்தம் முற்றிவிட்டது என்று அயலில் சொன்னார்கள். கொண்டுபோனால் சிறுநீரில் கிருமி. மருந்தோடு தெளிந்துவிட்டார்.

பின்னேரங்களுக்கு உதவியது இன்னொன்று, உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட ஐசப்போர்ட் என்ற, டிமென்ஷியா உள்ளவரைப் பராமரிப்பவர்களுக்கான பயிற்சி. அது புத்தகமாகவும் இலவசமாக இறக்கலாம், நெட் இழுக்கும் உப்புவெளி வீட்டுக்கு அது வசதி. பராமரிப்பவர் தன்னையும் கவனிக்க வேண்டும் என்ற பகுதியை அம்மா சிரித்தே தள்ளிவிட்டார். நடத்தை மாற்றம் பற்றிய கடைசிப் பகுதிதான் எங்களுக்கானது: ஒரு பிரச்சினை வந்தால் அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று பார்க்கச் சொல்கிறது. பின்னேரமானால் அம்மம்மா பையைத் தூக்கிக்கொண்டு படலைக்குப் போய், "வீட்ட போகோணும், பிள்ளையள் தேடுங்கள்" என்பார். அம்மா கொப்பியில் எழுதி எழுதிப் பார்த்ததில், அது பக்கத்து வீட்டில் டியூசன் விட்டுப் பிள்ளைகள் சைக்கிளில் கிளம்பும் நேரம்! இப்போது அந்த நேரத்துக்குக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் ஒரு சுளகும் முருங்கைக்கொத்தும் கொடுத்துவிடுகிறார். இலையை உருவிக்கொண்டே ஊர்க்கதை சொல்வார். எல்லா நாளும் சரிவராது.

பாடங்களை வட்ஸ்அப்பில் குரலாகவும் பதிந்து சொந்தக்காரருக்கு அனுப்பினேன். கனடா மாமா முழுவதும் கேட்டாராம்; "அவவ ஏன் படலைப் பக்கம் விடுறியள்" என்று அம்மாவை ஏசுவது இப்போது குறைந்திருக்கிறது.