2 மில்லிமீற்றருக்குக் கீழே

நேற்றுப் பின்னேரம் கடதாசிப்பூ போன்சாய்த் தட்டில், அதாவது மரத்தைக் குட்டையாக வளர்க்கிற தட்டையான சட்டியில், ஒரு பேணி தண்ணீர் ஊற்றினேன். பத்து எண்ணுவதற்குள் அடித்துளையால் தெளிவாக ஓடி முடிந்துவிட்டது. போன வருடம் இதே தட்டில் முதலில் தேயிலைச் சாயம் மாதிரி ஒழுகும், மறுகா ஒழுகவே ஒழுகாது. மேலே குளம் கட்டி நிற்கும். ஒரு பேணி தண்ணீருக்காக மனுசியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா மூன்று மாதம்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டா.

ஓம், இதற்குத்தான். சட்டிக்குப் போடும் கலவையை ஒழுங்காக அரித்தெடுக்கிற வேலைக்கு.

போன மாரியில் ஒன்பது வருடப் புளி ஒன்று போய்விட்டது. மட்டக்களப்புக்கு வருடத்தில் விழும் மழையில் பாதிக்கு மேல் நவம்பர் தொடங்கி ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அந்த மூன்று மாதம் தட்டையான சட்டிக்குள் இருக்கிற மரத்துக்குச் சோதனைக் காலம். தை பிறந்து கிளப்பிப் பார்த்தால், வேரின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் களி. வாவிக்கரைச் சேற்று மணம். கலவைக் கணக்கில் நான் பிழை விடவில்லை. செங்கல் குறுணி 5, கருங்கல் சல்லி 3, சிரட்டைக்கரி 1, மக்கிய உரம் 1. இன்றைக்கும் அதே கணக்குத்தான். பிழை முழுக்க அரித்த விதத்தில்.

அடியில் பெரிய கல் போட்டால் தண்ணீர் வடியும் என்று இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கோப்பை கழுவுகிற ஸ்பொஞ்சை நனைத்து, படுத்த வாக்கில் பிடித்துப் பாருங்கள். சொட்டு நின்றதும் அதையே நிமிர்த்திப் பிடித்தால் இன்னொரு பிடி தண்ணீர் இறங்கும். உயரம் குறைந்த சட்டியில் ஈரம் தங்குவதற்கும் காரணம் அதுதான். கீழே கல் போட்டால் ஈரம் நிற்கிற மட்டம் அந்தக் கல்லுக்கு மேலே ஏறி வந்து உட்கார்ந்துகொள்ளும், வேருக்கு இன்னும் கிட்டவாக. சட்டியின் உயரத்தைக் கூட்ட ஏலாது. கையில் இருப்பது குறுணியின் அளவு மட்டும்தான். 2 முதல் 6 மில்லிமீற்றர். அதற்குக் கீழே உள்ளது மிச்சம் எல்லாவற்றையும் அடைத்துவிடும்.

போன்சாய்க்குப் பேர்போன யப்பான் அக்கடாமா மண்ணைப் பற்றிக் கேட்காதீர்கள். வெளிநாட்டு மண் உள்ளே வர தாவரத் தடுப்புக்காப்பு அனுமதி வேண்டும். அது கிடைத்தாலும் கப்பல் கூலிக்கு நான் இன்னொரு மரம் வாங்கிவிடுவேன். செங்கல் போதும், ஆனால் நன்றாக வெந்த செங்கல். செங்கலடிக்கு அங்கால் ஒரு சூளையில் உடைசல் கல்லைச் சும்மா மாதிரித் தந்தார்கள். அதில் மூன்றில் ஒன்று அரை வேக்காடு. இரவு முழுக்க ஊறவைத்துக் காலையில் விரலால் நசித்தால் குழைகிறது. கழித்துவிட்டேன். வெந்த கல்லின் குறுணி 500 கிராம் எடுத்து ஊறவைத்து வடித்து நிறுத்தேன்: 590. தொண்ணூறு கிராம் தண்ணீர் குடித்திருக்கிறது. கருங்கல் சல்லி எவ்வளவு ஊறினாலும் நனைந்ததோடு சரி. பழைய வீடு இடித்த கல் வேண்டாம். சுண்ணாம்பும் சீமெந்தும் ஒட்டியிருக்கும், புளிப்பு மண் கேட்கிற மரத்துக்கு ஆகாது. கூரை ஓட்டையும் உடைத்துப் பார்த்தேன். தட்டைத் தட்டையாகச் சிதறி, சட்டிக்குள் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டு தண்ணீருக்கு வழி மறிக்கிறது.

உடைப்பதை உரப்பைக்குள் போட்டுச் சுத்தியலால் உடைத்தேன். (உரலைக் கேட்டேன். அம்மா பார்த்த பார்வையோடு அந்தக் கதை முடிந்தது.) நாலு அடி அடித்தால் அரிக்க வேண்டும், அளவானதை எடுத்துவிட்டு மிச்சத்தைத்தான் திரும்ப அடிக்க வேண்டும். சோம்பலில் மொத்தமாக அடித்த முதல் நாள் பாதிக்கு மேல் தூள். கொரோனா காலத்து முகக்கவசம் மிச்சம் கிடந்தது, அதைப் போட்டுக்கொண்டேன். செங்கல் தூசு நெஞ்சுக்கு நல்லதில்லை.

இனி அரிதட்டு. இதில்தான் மூன்று மாதம் போனது.

மேல் தட்டுக்குக் கஷ்டம் இல்லை. கச்சான் கடலை வறுக்கிறவர்கள் மணலை அரிக்கிற தகரத் தட்டு ஒன்று, ஓட்டை கிட்டத்தட்ட 6 மில்லிமீற்றர். கீழ்த் தட்டுத்தான் தலையிடி. போன வருடம் நுளம்பு வலையை அடித்துப் பார்த்தேன். அதன் கண் ஒன்றரை மில்லிமீற்றர்கூட இல்லை. புளியைக் கொன்றது அதுதான்: ஒன்றரைக்கும் இரண்டுக்கும் இடைப்பட்டது முழுக்க மேலே தங்கி நல்ல குறுணி மாதிரி நடித்துக்கொண்டு சட்டிக்குள் போயிருக்கிறது. ஹார்ட்வெயார் கடையில் அடுத்த கம்பி வலை அரைக்கால் அங்குலம், அதாவது 3 மில்லிமீற்றருக்கும் கூட. அதிலும் சதுரக் கண் என்றால் மூலைக்கு மூலை இன்னும் அகலம். நீட்டுத் துண்டுகள் சரிந்து தப்பிவிடும். எனக்குத் தேவையான நல்ல குறுணியும் சேர்ந்து கீழே விழுந்தது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கடை கடையாகக் கேட்டேன். ஒருவர் தேயிலை வடி எடுத்துக் காட்டினார்.

கடைசியில் கிடைத்த இடம் மிளகாய் அரைக்கிற மில். அரைபடும் பெட்டிக்குள் வளைவாக ஒரு ஓட்டைத் தகடு இருக்கும், தேய்ந்தால் கழற்றி எறிவார்கள். அம்மாவுக்குத் தூள் இடிக்கப் போனபோது மூலையில் ஒன்று கிடந்தது. வட்ட ஓட்டை. பையில் இருந்த அளவுகோலை வைத்தேன், சரியாக 2. மில்காரரிடம் கேட்டதும் "கொண்டு போங்க, என்னத்துக்கு?" என்றார். மண் அரிக்க என்றேன். நம்பவில்லை.

வீட்டில் தட்டி நிமிர்த்தி, பழைய யன்னல் சட்டத்தில் ஆணி அடித்து, ஆசையில் உடனே அரிக்கத் தொடங்கினேன். இரண்டு நிமிடத்தில் தும்மல், கண்ணெரிவு. ஓட்டைக்குள் எத்தனை வருட மிளகாய்த்தூள் இருந்ததோ! சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவிட்டுத்தான் திரும்பத் தொட்டேன்.

அப்புறம் அடுத்த வில்லங்கம். 2 மில்லிமீற்றர்த் துண்டு 2 மில்லிமீற்றர் ஓட்டையில் மூடி மாதிரிப் போய் இறுகும். பத்து ஆட்டலில் தகடு பாதி அடைபட்டுவிடும். விரலால் மேலே தேய்த்தால் இன்னும் இறுகுகிறது. தட்டைக் கவிழ்த்து, பின்பக்கம் அகப்பைக் காம்பால் தட்டினால் பொலபொலவென்று கொட்டும். ஒரு தரத்துக்கு இரண்டு கைப்பிடிக்கு மேல் போடக் கூடாது. குவித்துப் போட்டால் மேலே உள்ள தூள் தகட்டைக் காணாமலே சுற்றிக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் செய்து ஒரு பிடியை ஜாம் போத்தலில் போட்டுத் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தேன். காலையில் குறுணிக்கு மேல் அரை விரலுக்குச் சேறு. எங்கே இருந்து வந்தது? ஆரையம்பதியில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி. காலையில் எது தொட்டாலும் பிசுபிசுப்பு. அந்த ஈரத்தில் தூசு குறுணியில் ஒட்டிக்கொண்டு, எந்தத் தட்டில் அரித்தாலும் கூடவே வருகிறது. நடுப்பகலில் சூடேறக் காயவைத்து அரித்தபோது சேறு பாதியானது.

மிச்சப் பாதியை அம்மா தீர்த்தா. நான் தட்டோடு மல்லுக்கட்டுவதைக் குந்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவ, "நெல்லுத் தூத்தினத நீ காணல்லையா மனே?" என்றா. சுளகில் அள்ளி, தலைக்கு மேலே பிடித்து, தென்மேற்குக் கச்சான் காற்றில் மெல்லச் சரித்தா. குறுணி நேரே சாக்கில் விழுந்தது, தூசு சிவப்புப் புகையாக அங்கால் போனது. மூன்று தரம் தூற்றியதும் போத்தலில் சேறு ஒரு நூல் அளவு. களத்தில் இத்தனை வருடம் பார்த்ததுதான், என் மண்டைக்கு எட்டவில்லை.

அங்கால் போன தூசு பக்கத்து வீட்டு மாமியின் கொடியில் இறங்கியிருந்தது. வெள்ளைச் சாறி செங்கல் நிறம். "என்ன மனே, வீடு கட்டுறியா?" என்று மதிலுக்கு மேலால் கேட்டா. இப்போது மாமி உடுப்புக் காயப்போடாத நேரம் பார்த்துத்தான் தூற்றுகிறேன், அதனால் வேலை மெல்லத்தான் நகர்கிறது.

கணக்கு: 12 கல் உடைத்தால் மூன்று வாளி. அதில் அளவான குறுணி ஒன்றேகால் வாளி, திரும்ப உடைக்க அரை வாளி, மிச்சம் தூள். தூளை எறியவில்லை, கிணற்றடிப் பள்ளத்துக்குப் போட்டேன். கடற்கரை மணலைச் சல்லிக்குப் பதிலாகப் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: உப்பு ஒரு பக்கம், அது என் தட்டில் ஒன்றுகூட நிற்காமல் விழுந்துவிடும். கிரான் பக்கத்து ஆற்று மணலில் பரவாயில்லை, ஐந்தில் ஒரு பங்கு நின்றது. அந்தக் கூலிக்குக் குவாரிச் சல்லியே மலிவு.

அடுத்த சட்டிகளுக்கான சிரட்டைக்கரி இன்னும் அரிக்கவில்லை. அதைத் தூற்ற ஏலாது, பாரம் இல்லை, தூசோடு சேர்ந்து மாமி வீட்டுக்குப் போய்விடும். தண்ணீரில் போட்டு மிதப்பதை அள்ளலாம் என்று நினைக்கிறேன். இரண்டு ஆலும் ஒரு நெல்லியும் மாரிக்கு முன் சட்டி மாற வேண்டும், ஒரு மூட்டைக் கல் உடைபடாமல் கிடக்கிறது. இதற்குள் குயவரிடம் பயறு அளவில் களிமண் உருண்டை சுட்டுத் தருவீர்களா என்று வேறு கேட்டு வைத்திருக்கிறேன்.

போன கிழமை மில்லுக்குப் போய், 3 மில்லிமீற்றர்த் தகடு தேய்ந்தால் எனக்கு எடுத்து வையுங்கள் என்றேன். வைக்கிறேன் என்றவர், "மிளகாய்க் கன்றையும் இப்படிச் சட்டியில குட்டையா வளக்கலாமா தம்பி? கல்லாவில வைக்க" என்று கேட்டார். வளர்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். விதை போட்டு நாலு நாள் ஆகிறது.