இலவச சிகிச்சைக்கு ஆன எழுபதாயிரம்: அம்மாவின் கருப்பைவாய்ப் புற்றுநோயும் நாங்களும்

அம்மாவுக்கு மாதவிலக்கு நின்று ஆறு வருடம் ஆகியிருந்தது. 2023 கடைசியில் மறுபடியும் ரத்தம் பட ஆரம்பித்திருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை. பழைய சேலையைக் கிழித்து வைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்னால் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது மாட்டுக்கொட்டகைக் கொடியில் அந்தத் துணிகளைப் பார்த்துத்தான் கேட்டேன். "வயசான காலத்துல இதையெல்லாம் போய் யாருகிட்டச் சொல்றது, கண்ணு" என்றார்.

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். வெள்ளைப்படுதல், உடம்புச் சூடு என்று சொல்லி நான்கு மாதம் மாத்திரை, ஊசி, டானிக். அந்த நான்கு மாதத்தில் ஒருமுறைகூட அம்மாவைப் படுக்கவைத்து உள்ளே பார்க்கவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. மாதவிலக்கு நின்றபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். எனக்கு அது அப்போது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கிருந்த நர்ஸம்மா பார்த்த இரண்டாவது நிமிடமே என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சதை எடுத்து டெஸ்ட், எம்ஆர்ஐ என்று மூன்று வாரம் ஓடியது. கருப்பைவாய்ப் புற்றுநோய், 2பி நிலை. கட்டி கருப்பைவாயைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குப் போய்விட்டது, இனி ஆபரேஷன் செய்து பயனில்லை, கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துத்தான் தர வேண்டும் என்றார்கள்.

ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில் மூன்றரை லட்சம் சொன்னார்கள். அண்ணன் அன்று ராத்திரியே மாட்டுக்கு விலை பேசக் கிளம்பிவிட்டான். அவனைத் தடுத்தது அண்ணிதான். "மொதல்ல கெவருமென்ட்டு ஆஸ்பத்திரில கேட்டுட்டு வாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அண்ணிக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம்.

அரசு மருத்துவமனையில் முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று கேட்டார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை அதில் கிடைக்கும். எங்களிடம் அட்டை இல்லை. விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் பதிவு மையத்துக்குப் போனால், ஆதாரில் அம்மாவின் பெயர் 'அம்மாள்' என்று முடிகிறது, ரேஷன் கார்டில் 'அம்மா' என்று முடிகிறது. ஒரே ஒரு 'ள்'. வட்ட வழங்கல் அலுவலகம், இ-சேவை மையம், மறுபடி கலெக்டர் ஆபீஸ் என்று பன்னிரண்டு நாள் அலைந்தேன். கதிர்வீச்சு மெஷினுக்கு அம்மாவின் முறை வரவும் இரண்டு வாரம் ஆனது என்பதால் சிகிச்சை தள்ளிப்போகவில்லை. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கும்போதே பெயர், பிறந்த தேதி எல்லாம் இரண்டு அட்டையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உடம்பு சரியில்லாதவரை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்பது கொடுமை.

அட்டை கையில் வந்தபிறகு வேகமாக நடந்தது. சதை டெஸ்ட் ரிப்போர்ட்டையும் ஸ்கேனையும் மருத்துவமனையிலிருந்தே அனுப்பி ஒப்புதல் வாங்கிவிட்டார்கள்.

கதிர்வீச்சை எங்கள் பக்கம் 'கரண்ட் வைக்கிறது' என்பார்கள். அதனாலேயே அம்மா ஷாக் அடிக்கும் என்று பயந்து நடுங்கினார். படம் எடுப்பது போலத்தான், வலியே இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 25 முறை. போகும் முன் தண்ணீர் குடித்து மூத்திரப்பையை நிறைத்துக்கொள்ள வேண்டும். பை நிறைந்திருந்தால் குடல் மேலே தள்ளிப்போய் அதன்மேல் கதிர் படுவது குறையும். வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. ஒவ்வொரு முறையும் அதற்கு முன் ரத்தம் எடுத்து சிறுநீரகம் தாங்குமா என்று பார்ப்பார்கள். அம்மாவுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் எட்டுக்கு இறங்கி, இரண்டு பாட்டில் ஏற்றினோம். மூன்றாவது வாரம் வயிற்றுப்போக்கு, மூத்திரம் போகும்போது எரிச்சல். "போதும் சாமி, வீட்டுக்குப் போயிரலாம்" என்று அழுதார். நடுவில் விட்டால் நோய் திரும்பும், எட்டு வாரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கெஞ்சித்தான் அம்மாவை அங்கேயே இருக்க வைத்தேன். அப்புறம் உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு மூன்று முறை. அது கஷ்டம். வெளியே வந்து அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

சிகிச்சைக்கென்று அந்த மருத்துவமனையில் ஒரு பைசா கட்டவில்லை. ஆனால் நோட்டில் எழுதி வைத்த கணக்கு இது: முதல் நான்கு மாதத்துத் தனியார் வைத்தியம் 11,300. அவசரப்பட்டு வெளியே எடுத்த எம்ஆர்ஐ 7,500. அரசு மருத்துவமனையில் அது 2,500 என்று பிறகு தெரிந்தது, காப்பீடு இருந்தால் அதுவும் இல்லை. பஸ், ஆட்டோ 9,600. மருத்துவமனைப் பக்கத்தில் இரண்டு மாத அறை வாடகை 8,000. சாப்பாடு, இளநீர், முட்டை 12,000. தையல் கம்பெனியில் நாளுக்கு 400 ரூபாய் வீதம் நான் இழந்த 55 நாள் சம்பளம் 22,000. மொத்தம் 70,400. இதற்கு எந்தக் காப்பீடும் இல்லை. பக்கத்துப் படுக்கை அக்கா பதினெட்டாவது நாள் வரவில்லை. பஸ் காசுக்கு வழியில்லாமல்தான் என்று அவர் ஊர்க்காரப் பெண் சொன்னார்.

அம்மாவை நோயைவிட அதிகமாக வாட்டியது வேறு. 'அந்த இடத்தில்' வந்ததால் ஊர் தப்பாகப் பேசும் என்று நினைத்தார். ஒரு டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். எச்பிவி என்ற வைரஸ்தான் காரணம். கல்யாணமான பெண்களில் பெரும்பாலோருக்கு எப்போதாவது தொற்றும், முக்கால்வாசிப் பேருக்கு ஓரிரு வருடத்தில் தானாகப் போய்விடும், சிலருக்குத் தங்கிவிட்டால் பத்துப் பதினைந்து வருடம் கழித்து இப்படி ஆகும். "நீங்க எந்தத் தப்பும் பண்ணலைம்மா." இந்தியாவில் 2022-இல் மட்டும் சுமார் 1,27,000 பெண்களுக்குப் புதிதாக வந்தது, கிட்டத்தட்ட 80,000 பேர் இறந்தார்கள். அம்மாவிடம் முதல் எண்ணை மட்டும் சொன்னேன். "அத்தன பேரா" என்றார். அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டார்.

அப்போது படித்த ஒரு விஷயம் என்னை உலுக்கிவிட்டது. 2000-க்குப் பிறகு எங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே, 30 முதல் 59 வயதுப் பெண்கள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலம் தடவிப் பரிசோதித்திருக்கிறார்கள். 2007-இல் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட, இந்த நோய் 25 சதவீதமும், இதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. அந்தப் பரிசோதனை தொடங்கியபோது அம்மாவுக்கு முப்பது வயது. நம்ம ஊருக்கு வந்தார்களா என்று கேட்டேன். ஞாபகமில்லை என்றார்.

இப்போது அதே பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். எனக்கு 33 வயது. போன மாதம் அண்ணியையும் கூட்டிக்கொண்டு போனேன். பஞ்சில் தொட்டுத் தடவிவிட்டு ஒரு நிமிடம் காத்திருக்கிறார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால்தான் அடுத்த டெஸ்ட். எனக்குத் திட்டு எதுவும் இல்லை. அண்ணிக்கு ஒரு சின்னத் திட்டு இருந்தது. திண்டுக்கல்லுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், வியாழக்கிழமை போகிறோம். அம்மாவும் வருகிறேன் என்று நிற்கிறார்.