பறக்காமலே போன பி.1101

மெஸ்ஸர்ஷ்மிட் பி.1101 என்ற ஜெர்மன் ஜெட் விமானத்தின் படத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. காற்று உள்ளே போவதற்காக மூக்கு முழுக்க வாயாகத் திறந்திருக்கும், வயிறு உப்பி அதற்குள் ஜெட் எஞ்சின், எஞ்சின் முடிகிற இடத்துக்கு மேலே வால் மட்டும் ஒல்லியாக நீண்டுகொண்டே போகும். இறக்கைகள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். 1950-களில் வந்த விமானம் என்று சொன்னால் யாரும் நம்பிவிடுவார்கள், ஆனால் வரைந்தது 1944-இல்.

அந்த ஜூலையில் ஒற்றை எஞ்சின் ஜெட் போர் விமானம் அவசரமாக வேண்டும் என்று ஜெர்மன் விமான அமைச்சகம் கேட்க, பவேரிய ஆல்ப்ஸ் பக்கம் ஓபராமர்காவ் ஊரில் மெஸ்ஸர்ஷ்மிட் நிறுவனத்தின் வடிவமைப்பாளர் வோல்டெமார் ஃபோக்ட்டின் குழு வேலையில் இறங்கியது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காற்றின் இழுவை திடீரென்று எகிறும். இறக்கையைப் பின்னால் சாய்த்துவிட்டால் வருகிற காற்றின் வேகத்தில் ஒரு பங்குதான் இறக்கைக்குக் குறுக்கே போகும், அந்தத் தொல்லை கொஞ்சம் தள்ளிப்போகும். ஜெர்மன் விஞ்ஞானி அடோல்ஃப் புசெமான் இதை 1935-லேயே ரோமில் நடந்த மாநாட்டில் சொல்லியிருந்தார். சரி, எவ்வளவு சாய்ப்பது? ரொம்பச் சாய்த்தால் மெதுவாகப் பறக்கும்போது, அதுவும் தரையிறங்கும் நேரத்தில், விமானத்தை அடக்குவது கஷ்டம்.

அதனால் சாய்வை 30 டிகிரியிலிருந்து 45 டிகிரி வரை தரையில் வைத்தே மாற்றிக்கொள்ளும்படி முதல் விமானத்தைக் கட்டத் தொடங்கினார்கள். ஒரு கோணத்தில் பறந்து பார், இறங்கு, கோணத்தை மாற்று, மறுபடி ஏறு. எனக்கு இதன்மேல் இருக்கும் பிரியமெல்லாம் இந்த ஒரு விஷயத்தால்தான். போர் தோற்றுக்கொண்டிருக்கிற அவசரத்திலும், விடை தெரியாது என்று ஒப்புக்கொண்டு அதைக் கண்டுபிடிக்கவே ஒரு விமானத்தைக் கட்டியிருக்கிறார்கள்.

அப்புறம் இதையும் சொல்லாமல் போகக்கூடாது. இதே நிறுவனத்தின் மற்ற விமானங்களுக்கு ஃப்ளோசன்பூர்க், குசென் வதைமுகாம் கைதிகள் வேலை செய்து செத்திருக்கிறார்கள். பி.1101 முடிந்து பறந்திருந்தால் அந்த நாஜி ஆட்சிக்காகத்தான் பறந்திருக்கும். முடியாமல் போனதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

1945 ஏப்ரல் கடைசியில் அமெரிக்கப் படை ஓபராமர்காவுக்குள் வந்தபோது முக்கால்வாசிக்கு மேல் வேலை முடிந்திருந்தது. பெல் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் ராபர்ட் வுட்ஸ் இதை அங்கேயே பார்த்தார், ஃபோக்ட்டை வைத்தே முடித்துவிடலாம் என்றும் நினைத்தார், நடக்கவில்லை. விமானம் கப்பலேறி அமெரிக்கா போய், 1948-இல் பஃபலோவில் இருந்த பெல் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தது. ஆனால் வழியில் பட்ட அடியில், இனிப் பறக்க வைக்கவே முடியாது என்கிற நிலைக்குப் போய்விட்டது.

அதைப் பார்த்துத்தான் பெல் எக்ஸ்-5 பிறந்தது. 1951 ஜூன் 20-இல் முதல் பறப்பு. இதில் பறந்துகொண்டிருக்கும்போதே சாய்வை 20-லிருந்து 60 டிகிரி வரை மாற்றலாம். இறக்கை பின்னால் போனால் விமானத்தின் சமநிலை கெடும் என்பதால், இறக்கையின் வேர்ப்பகுதி முழுவதையும் தண்டவாளத்தில் வைத்ததுபோல முன்னால் நகர்த்தும் ஏற்பாடு செய்தார்கள். அப்படியும் அது சாதுவான விமானமாக இருக்கவில்லை. 1953 அக்டோபரில் இரண்டாவது எக்ஸ்-5 வானில் சுழலத் தொடங்கி, மீள முடியாமல் விழுந்தது, விமானி ரேமண்ட் பாப்சன் இறந்தார்.

முதல் எக்ஸ்-5 இன்றும் ஓஹியோவில் டேட்டன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பி.1101-ஐ உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். இரண்டின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதே திறந்த வாய், அதே உப்பிய வயிறு.