அளவுக் கொப்பியின் பின்பக்கம்

தையல்காரியின் அளவுக் கொப்பியில் ஊரே இருக்கும். யாருக்கு இடுப்புப் பெருத்தது, எந்தப் பிள்ளை ஒரு வருடத்தில் கிடுகிடுவென்று வளர்ந்தது, யார் இன்னும் காசு தரவேண்டும், எல்லாம் அதில் கிடக்கும். இலங்கையின் வன்னியில், விசுவமடுவில் வீட்டு விறாந்தையில் மெஷின் போட்டுத் தைக்கிற என்னிடமும் அப்படியொரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. மனச்சோர்வில் விழுந்த காலத்தில் அதைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து நான் எழுதிக்கொண்டு வந்தவை பற்றித்தான் இந்தப் பதிவு.

எனக்கு இந்த வருத்தம் சண்டைக் காலத்தில் வரவில்லை. 2009, செட்டிகுளம் முகாம், மீள்குடியேற்றம், தறப்பாள் கொட்டில் எல்லாம் ஓட்டத்திலேயே கழிந்துவிட்டன. கல்வீடு கட்டி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கி, கையில் வேலையும் இருந்த காலத்தில்தான் வந்தது. மார்கழி மாதம். புதுத் தவணைக்காக அரசாங்கம் கொடுக்கிற வெள்ளைத் துணியைத் தாய்மார் கொண்டுவந்து தந்துவிட்டுப் போவார்கள். மெஷினுக்குப் பக்கத்தில் பார்சல்கள் அடுக்கடுக்காய் ஏறின. நான் ஊசியில் நூல் கோக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். விடிய 3 மணிக்கு நித்திரை முறியும், ஆனால் 8 மணியாகியும் பாயைவிட்டு எழும்ப முடியாது. குளிக்கப் பஞ்சி. பிள்ளை "அம்மா" என்று கூப்பிட்டால் எரிச்சல். யாராவது "சட்டை முடிஞ்சுதோ?" என்று கேட்டு எடுப்பார்கள் என்று போனை நிறுத்திவைத்தேன். படலையில் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தேன்.

மனவருத்தம் என்று நான் நினைக்கவே இல்லை. நெஞ்சு இறுகுது, தலையிடிக்குது என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரஷர் பார்த்தார்கள், ஈ.சி.ஜி. எடுத்தார்கள். எல்லாம் சரி என்றார்கள். அம்மா கோயிலில் நூல் மந்திரித்துக் கையில் கட்டிவிட்டா. அதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பக்கத்து வளவு அக்கா காணாமல்போன மகனைத் தேடிக்கொண்டிருக்கிறா. அவவே விடிய எழும்பிக் கத்தரிக்குத் தண்ணி விடுறா, உனக்கென்ன குறை? என்னிடம் யாரும் இப்படிக் கேட்கவில்லை, நானேதான் கேட்டுக்கொண்டேன். நிவாரண வரிசையில் நிற்கிற மாதிரி, என்னைவிடக் கூட இழந்தவர்களை முன்னுக்கு விட்டுவிட்டு நான் பின்னுக்கே நின்றேன். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வேலை செய்த உளவைத்தியர் தயா சோமசுந்தரம், போர் தனி ஆட்களை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைக்கிறது என்று வன்னியை வைத்து எழுதியிருக்கிறார். ஊர் முழுக்க உடைந்திருந்தால், தன்னுடைய உடைவை ஒருவருக்கும் வெளியில் சொல்ல மனம் வராது. இது என் அனுபவத்தில் நான் சேர்த்துச் சொல்வது.

மச்சாள்தான் கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றினா. பரந்தன் சுற்றி, கிளிநொச்சியில் மனநலக் கிளினிக். வைத்தியர் குளிசை தந்தார். வேலை செய்யத் தொடங்க 2 முதல் 4 கிழமை வரை எடுக்கும், இடையில் நிறுத்தக்கூடாது என்றும் சொன்னார். இதை இங்கே சொல்லாமல் விட்டால் கொப்பி எழுதியே நான் சுகமானேன் என்று யாராவது நினைத்துவிடுவார்கள். குளிசையும் எடுத்தேன், கொப்பியும் எழுதினேன்.

கொப்பியைத் தொடக்கிவைத்தது உளவளத்துணை செய்கிற மிஸ். மனதில் கிடப்பதை எழுதுங்கோ என்றா. இப்படி எழுதுவது பற்றிப் பிறகு போனில் தேடிப் படித்தேன். 1986இல் ஜேம்ஸ் பென்பேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களை நாளுக்கு 15 நிமிடம், 4 நாள், தங்களை வருத்திய விடயங்களை எழுதவைத்தார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் இன்னும் பாரமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் வைத்தியரிடம் போவது குறைந்தது. நல்ல விடயம்தான். எனக்கு அது அப்போது ஒத்துவரவில்லை. பிள்ளைகள் படுத்த பிறகு எழுத உட்கார்ந்தால் பேனா நேரே முள்ளிவாய்க்காலுக்குப் போய்விடும். அங்கே போனால் விடியும்வரை திரும்பி வராது.

அடுத்த கிளினிக்கில் சொன்னேன். "சரி தங்கச்சி, அதை இப்ப விடுங்கோ. பகல் முழுக்க என்ன செய்தனீங்கள் எண்டு மட்டும் எழுதுங்கோ. அது மனதுக்கு எவ்வளவு இதமாய் இருந்தது எண்டு பக்கத்தில 10க்குப் புள்ளி போடுங்கோ" என்றா. இதுதான் எனக்குப் பிடித்துக்கொண்டது. கணக்கு எழுதித்தானே பழக்கம். முதல் பக்கங்களில் ஒன்று இப்படி இருக்கிறது:

விடிய: பல் விளக்கினேன். 1.
10 மணி: மெஷினுக்கு எண்ணெய் விட்டேன். 3.
பின்னேரம்: அம்மாவுக்குத் தேத்தண்ணி. அவவோட இருந்து குடிச்சேன். 4.
இரவு: ஒன்றுமில்லை. 0.

இதைவிட முக்கியமானது ஒவ்வொரு இரவும் கடைசியில் எழுதுகிற ஒற்றை வரி. "நாளைக்கு" என்று போட்டு ஒரே ஒரு வேலை. நான் முதலில் "ஒரு சட்டை வெட்டுவது" என்று எழுதினேன். மிஸ் பார்த்துவிட்டு, இது பெரிசு என்றா. சட்டை வெட்டுவது பெரிய வேலையா என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. "துணியை விரிச்சு மட்டும் வையுங்கோ, வெட்ட வேண்டாம்." அதன்படி பார்சலைப் பிரித்து, வெள்ளைத் துணியை இரண்டாக மடித்து மேசையில் விரித்தேன். அவ்வளவுதான், அன்றைக்கு வேலை முடிந்தது. மறுநாளைக்கு, நீலச் சோக்கால் தோள் கோடு மட்டும். அதற்கடுத்த நாள் கத்தரிக்கோலை எடுத்து முன்பக்கம் வெட்டினேன். முன்பக்கம் வெட்டிய கை நிற்கவில்லை, முதுகுப் பக்கம் போனது, கை இரண்டும் போனது. கொலருக்குக் கன்வஸ் தேடுகிறபோதுதான் மத்தியானமாகிவிட்டது தெரிந்தது. அந்த வரிக்கு 6 போட்டிருக்கிறேன்.

மனம் வந்த பிறகு செய்வோம் என்று இருந்தால் மனம் வராது, செய்யத் தொடங்கினால் மனம் பின்னால் வரலாம். மிஸ் சொன்னதன் சாரம் இதுதான். 1970களில் பீட்டர் லூவின்சோன் போன்ற உளவியலாளர்கள் வளர்த்தெடுத்த சிகிச்சை முறையாம். பிடித்தவற்றைச் செய்வது குறையக் குறையச் சோர்வு கூடும், சோர்வு கூடக் கூடச் செய்வது இன்னும் குறையும். அந்தச் சுற்றைச் செயலின் பக்கத்திலிருந்து வெட்டுகிறார்கள்.

என் அனுபவத்தில் சில இலக்குகள் உதவாது. "நாளைக்குச் சந்தோசமாய் இருப்பது" என்று ஒருநாள் எழுதினேன், அதற்கு எப்படிப் புள்ளி போடுவது? போன் வீடியோக்களில் வருகிற "அதிகாலை 5 மணிக்கு எழும்பி நடவுங்கள்" என்பதும் அப்படித்தான். எங்கள் ஒழுங்கையில் அந்த நேரத்தில் நடந்தால் நாய்கள் விடாது. இன்னொரு ஆள் சம்பந்தப்பட்ட இலக்குகள்தான் எனக்கு அதிகம் நடந்தன. அம்மாவுக்கு ஒரு பின்னேரம் தேத்தண்ணி கொடுத்துவிட்டால் மறுநாள் அவ விறாந்தையில் வந்து காத்திருப்பா. தப்ப முடியாது. விடுபட்ட நாளை விட்டுவிடுவேன், அடுத்த நாளோடு சேர்த்து இரட்டையாகச் செய்ய முயல்வதில்லை.

கொஞ்சக் காலம் எழுதிய பிறகு புள்ளிகளைப் பார்த்தால் எனக்கே சில விடயங்கள் தெரியவந்தன. படலையைத் தாண்டாத நாட்களில் புள்ளி ஏறவே இல்லை. மே மாதம் முழுக்கவே கீழே கிடந்தது. இதற்குக் கொப்பி வேண்டுமா என்று கேட்பீர்கள். 2009இல் சண்டை முடிந்த மே 18ஐ ஒட்டி, முள்ளிவாய்க்கால் நினைவாகக் கஞ்சி காய்ச்சுகிற ஊரில் எல்லாருக்கும் அப்படித்தான். ஆனால் எழுத்தில் கண்ட பிறகு நான் ஆயத்தமாக இருக்கப் பழகினேன். மே பிறந்தால் புதுத் தையல் அதிகம் எடுப்பதில்லை, இரவு வரியையும் பழையபடி "துணியை விரிப்பது" அளவுக்குச் சின்னதாக்கிவிடுவேன். பிறகு வற்றாப்பளை அம்மன் பொங்கல் வரும், கச்சானும் தோசையுமாய்ச் சனம் நிறையும். அம்மாவோடு போவது இலக்குப் பட்டியலில் சேராது. அவ எப்படியும் இழுத்துக்கொண்டு போய்விடுவா.

ஒருநாள் பிளவுஸ் தைக்க வந்த அக்கா ஒருவர், தன் பழைய அளவைத் தேடுகிறேன் என்று கொப்பியைப் பின்பக்கமாகத் திறந்துவிட்டா. "பல் விளக்கினேன், 1" என்பதை வாசித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தா. சிரிப்பா என்று நினைத்தேன். "எனக்கும் அப்படித்தான் பிள்ளை" என்றா. அன்று பிளவுஸ் அளவு எடுக்கவே இல்லை. பேசிக்கொண்டிருந்து, கிளினிக் நாளைச் சொல்லி அனுப்பினேன். பஸ் ஏறிப் போக முடியாத நேரத்துக்கு 1926 என்ற இலக்கத்தையும் எழுதிக் கொடுத்தேன். அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம், 24 மணி நேரமும் எடுக்கலாம்.

இப்போது குளிசையின் அளவை வைத்தியர் குறைத்திருக்கிறார். கொப்பியில் முன்பக்க அளவுகளும் பின்பக்க வரிகளும் நடுவில் சந்தித்துவிட்டதால் புதிது வாங்கவேண்டி வந்தது. இந்தத் தை மாதம் யூனிபோம் எல்லாவற்றையும் நேரத்துக்குக் கொடுத்தேன் என்று எழுத எனக்கும் ஆசை. சிலருக்குப் பிந்தித்தான் போனது. பிந்தும் என்று அவர்களின் தாய்மாருக்கு நானே முன்கூட்டி போன் எடுத்துச் சொன்னேன். ஒருத்தி ஏசினா, மற்றவர்கள் சரி என்றார்கள்.