ஒற்றைக் கோடும் நாட்காட்டியும்

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றின் மாலையில், பினாங்கு குளுகோரில் இருக்கும் என் வீட்டுக்கு அக்காள் மகன் வந்தான். மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு சிறிய அட்டைப் பெட்டியை எடுத்து வந்து மேசைமேல் வைத்து, "மாமா, இதை உங்கள் வீட்டில் செய்துகொள்ளட்டுமா? அறையில் கூட இருப்பவர்கள் கண்ணில் படக்கூடாது" என்று கேட்டான். அவன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். இன்னும் மூன்று பையன்களோடு ஒரு வீட்டைப் பகிர்ந்துகொண்டு தங்கியிருக்கிறான். பெட்டி என்னவென்று தெரிந்துகொள்ள எனக்கு மூக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. மருத்துவப் பரிசோதனைக் கூடங்களிலேயே வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். அது வாயில் தடவிப் பார்க்கும் எச்.ஐ.வி. சுயபரிசோதனைப் பெட்டி, ஓராகுயிக் என்ற பெயரில் விற்கப்படுவது.

அவனுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும், ஆளை அடையாளம் காட்டக்கூடிய வேறு எதுவும் வேண்டாம் என்றான், அது நியாயம்தான்.

"ஏன், என்ன நடந்தது" என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்காக எனக்கு நானே நற்சான்று கொடுத்துக்கொண்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்; அந்தப் பெருமிதத்தில்தான் கட்டாயம் கேட்டிருக்க வேண்டிய வேறொரு கேள்வியைக் கோட்டைவிட்டேன். "கடைசியாக எப்போது சாப்பிட்டாய்" என்று மட்டும் கேட்டேன். வரும் வழியில்தான் நாசி கண்டார் சாப்பிட்டிருக்கிறான். உண்ட பிறகோ குடித்த பிறகோ 15 நிமிடமாவது பொறுக்க வேண்டும். பல் துலக்கியிருந்தால், அல்லது வாய் கொப்பளிக்கும் மருந்தைப் பயன்படுத்தியிருந்தால், 30 நிமிடம். ஆகவே காத்திருந்தோம்.

அந்த நேரத்தில் அவன் கேட்ட ஒரு கேள்வியை நான் நம் ஆட்களிடமிருந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "எச்சிலில் தெரிகிறது என்றால், எச்சிலில் அது இருக்கிறது என்றுதானே அர்த்தம்?"

எச்சில் என்பது நம் மொழியில் வெறும் வாய்நீரைக் குறிக்கும் சொல்லாக நின்றுவிடவில்லை. வாய் வைத்த குவளையும், கடித்த பழமும், சாப்பிட்டு எழுந்த இலையும் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. யாருடைய எச்சிலை யார் தொடலாம் என்பதில் குடும்பமும் சாதியும் பாசமும் எல்லாம் கலந்து கிடக்கின்றன. இதை 'எச்சில் சோதனை' என்று அழைத்த உடனேயே அந்தப் பழைய கூச்சங்கள் அத்தனையும் அதன்மேல் வந்து ஒட்டிக்கொள்கின்றன. உண்மையில் அந்தக் குச்சி தேடுவது கிருமியை அன்று. கிருமி உடலுக்குள் வந்ததற்கு எதிராக நம் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. இரத்தத்தில் இருக்கும் அந்த எதிர்ப்பொருள் ஈறுகளின் ஓரமாகக் கசிந்து வரும் நீர்மத்திலும் சிறிதளவு வந்து சேர்கிறது. அதனால்தான் நாக்கிலோ கன்னத்தின் உட்புறத்திலோ தடவாமல், ஈறும் பல்லும் சேரும் இடத்தில் தடவச் சொல்கிறார்கள். ஒரே குவளையில் குடிப்பதாலும் ஒரே தட்டில் உண்பதாலும் எச்.ஐ.வி. பரவுவதில்லை. இதைச் சொல்லி முடித்தபோது அவன் ஒன்றும் பேசவில்லை. ஆனால் தண்ணீர்ப் போத்தலைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தவன், அதை மறுபடியும் மேசையின் நடுவில் கொண்டுவந்து வைத்தான்.

செய்முறை கடினமானதன்று. தட்டையான பஞ்சு முனையைக் கையால் தொடாமல், மேல் ஈறு முழுவதும் ஒருமுறை, கீழ் ஈறு முழுவதும் ஒருமுறை தடவ வேண்டும். பிறகு நீர்மம் இருக்கும் குழாயில் அந்த முனை அடிவரை படும்படி குச்சியை நிறுத்திவிட்டு, 20 நிமிடம் அதை அசைக்காமல் விட வேண்டும். குழாயில் இருக்கும் நீர்மத்தைக் கீழே ஊற்றிவிடக் கூடாது, குடிக்கவும் கூடாது. (சிரிக்க வேண்டாம். அதைத்தான் முதலில் குடிக்க வேண்டும் என்று நினைத்தவர்களை நான் அறிவேன்.) நேரத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நான் அடுக்களைக்குப் போய்விட்டேன். ஒருவர் முடிவுக்காகக் காத்திருக்கும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைவிடக் கொடுமை வேறில்லை.

20 நிமிடத்துக்குப் பிறகும் 40 நிமிடத்துக்கு முன்பும் படிக்க வேண்டும். 'சி' (C) என்ற எழுத்தின் அருகில் மட்டும் ஒரு கோடு வந்தால், எதிர்ப்பொருள் தென்படவில்லை என்று பொருள். 'சி' அருகிலும் 'டி' (T) அருகிலும் கோடு வந்தால் தென்பட்டிருக்கிறது என்று பொருள். 'டி' கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும், மூக்கருகில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்ற அளவில் இருந்தாலும், அது கோடுதான். 'சி' அருகில் கோடே இல்லையென்றால், மற்ற இடத்தில் என்ன வந்திருந்தாலும் அந்தச் சோதனை செல்லாது. இது குழந்தையும் படிக்கக்கூடிய எழுத்துத்தான்.

அவனுக்கு 'சி' அருகில் மட்டும் ஒரு கோடு வந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்து, தைப்பூசத்தில் காவடி இறக்கியவன் போல மூச்சு விட்டான். எனக்கு விழிப்பு வந்தது அவன் அடுத்துச் சொன்ன சொல்லால்தான்: "தைப்பூசத்துக்கு அப்புறம் நான் சரியாகத் தூங்கவே இல்லை, மாமா."

"அப்படியானால் எத்தனை நாளாகிறது?"

சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்து எண்ணினோம். 36 நாள்.

இங்கேதான் அந்த மாலை முழுவதும் தலைகீழாகிப் போனது. கிருமி உடலுக்குள் நுழைந்த அன்றே எதிர்ப்பொருள் உண்டாகிவிடுவதில்லை. அது கண்டுபிடிக்கும் அளவுக்குப் பெருகுவதற்கு ஆகும் இடைவெளியைச் சாளரக் காலம் என்கிறோம். இந்த வகைச் சுயபரிசோதனைக்கு அந்தக் காலம் மூன்று மாதம்வரை நீளலாம். பலருக்கு அதற்கு முன்பே எதிர்ப்பொருள் தென்பட்டுவிடும். ஆனால் 'பலருக்கு' என்ற சொல்லை நம்பி யாரும் நிம்மதியாகத் தூங்கக் கூடாது. கையிலிருந்து இரத்தம் எடுத்து, எதிர்ப்பொருளையும் கிருமியின் புரதம் ஒன்றையும் சேர்த்துத் தேடும் பரிசோதனைக் கூட முறைக்கு 45 நாள் போதும். இவனுடைய 36-ஆம் நாள் ஒற்றைக் கோட்டுக்கு, 'இதுவரை ஒன்றும் தெரியவில்லை' என்பதற்கு மேல் எந்தப் பொருளும் கிடையாது. சோதனையைத் தொடங்கும் முன்பே நான் இதைக் கேட்டிருக்க வேண்டும். வாழ்நாள் முழுவதும் குழாய்களின்மேல் தேதி எழுதியே பிழைத்தவன், சொந்த மருமகனிடம் தேதி கேட்க மறந்தேன்.

அவன் முகம் வாடியது. "அப்படியென்றால் அடுத்த நாளே ஏதாவது செய்திருக்கலாமா?" என்றான். செய்திருக்கலாம். ஆபத்து நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போனால், 28 நாள் உட்கொள்ளும் தடுப்பு மருந்தை அவர் எழுதிக் கொடுக்க முடியும். எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அந்த நாள்களில் அவன் யாரிடமும் பேசாமல் இணையத்தில் பயமுறுத்தும் கதைகளைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

இன்னொன்றும் என் மனத்தை உறுத்தியது: அந்த மோட்டார் சைக்கிள் இருக்கை. பெட்டி வந்து சேர்ந்து ஒன்பது நாள் அது அங்கேயே இருந்திருக்கிறது, அறையில் வைக்கப் பயந்து. 2 முதல் 30 டிகிரி வெப்பத்துக்குள் வைக்க வேண்டிய பொருள் அது. மார்ச் மாதத்தில் பினாங்கின் வெயிலில் நிற்கும் வண்டியின் இருக்கைக்கு அடியில் என்ன வெப்பம் இருக்கும் என்பதை, அதில் சாக்லேட் வைத்து மறந்தவர்கள் அறிவார்கள். 'சி' கோடு வந்துவிட்டது என்பதாலேயே 'டி' கோட்டை வரவைக்கும் வேதிப்பொருள்கள் கெடாமல் இருக்கின்றன என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு காரணங்களால் அந்த முடிவை நான் கணக்கில் எடுக்க மறுத்தேன். 90 நாள் முடிகிற மே மாதம் நான்காம் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டோம். அதுவரை துணையைக் காக்கும் வழிகளைக் கைவிடக் கூடாது என்றும் சொன்னேன். நானே இரண்டு பெட்டிகளை வரவழைத்து, ஒன்றை அவனிடம் கொடுத்து, அலமாரிக்குள் துணிகளுக்கு நடுவில் வைக்கச் சொன்னேன்.

இடையில் ஒருநாள் அவன் தொலைபேசியில் கேட்டான்: "இரண்டு கோடு வந்துவிட்டால் என்ன செய்வது?" நான் அவனுக்குக் கணக்கொன்று போட்டுக் காட்டினேன். அமெரிக்காவில் 2012-ஆம் ஆண்டு இந்தப் பெட்டியை வீட்டில் பயன்படுத்த ஒப்புதல் அளித்தபோது வெளியான எண்களின்படி, மக்கள் தாங்களே சோதித்துக்கொண்டபோது தொற்று இருந்த 12 பேரில் சுமார் ஒருவரை அது தவறவிட்டது. தொற்று இல்லாத 5,000 பேரில் ஒருவருக்குத்தான் பொய்யாகக் கோடு காட்டியது. 10,000 பேர் சோதித்துக்கொள்கிறார்கள், அவர்களில் 10 பேருக்குத் தொற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தில் ஒன்பது பேருக்குக் கோடு வரும். தொற்றே இல்லாத மற்றவர்களில் இரண்டு பேருக்கும் வரும். ஆக, இரட்டைக் கோட்டைப் பார்த்துக் கலங்கி உட்கார்ந்திருக்கும் 11 பேரில் இரண்டு பேர் வீணாகக் கலங்குகிறார்கள். இதனால்தான் இரட்டைக் கோடு நோய்க்கான தீர்ப்பாகாது. மேற்பரிசோதனைக்குப் போ என்னும் அழைப்பு அது. மூன்று வெவ்வேறு சோதனைகள் அடுத்தடுத்துக் காட்டிய பிறகே உறுதி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019 முதல் பரிந்துரைக்கிறது.

உறுதியாகிவிட்டாலும் இது 1986 அன்று. அந்த ஆண்டில்தான் மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது, அன்று கொடுக்க மருந்தில்லை. இன்று அரசாங்க மருத்துவமனைகளில் முதல்நிலைக் கூட்டு மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. அதை நாள் தவறாமல் எடுத்து, இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு வந்து, அந்த நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாகத் துணைக்குத் தொற்று பரவுவதில்லை. ஆனால் ஒன்று: மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் இந்தப் பெட்டியை வைத்து 'குணமாகிவிட்டதா' என்று சோதிக்கக் கூடாது. மருந்தின் விளைவால் எதிர்ப்பொருள் குறைந்து, பொய்யான ஒற்றைக் கோடு வரலாம்.

இந்தச் சோதனையை நம் வீடுகளில் யார் செய்திருக்கிறார்கள் என்று யோசித்தால் ஒரு வேடிக்கை தெரியும். 1998 முதல் அரசாங்க கிளினிக்குகளில் கருவுற்ற பெண்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்பட்டு வருகிறது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று அளித்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆக, அக்காளும் அண்ணியும் மனைவியும் சத்தமில்லாமல் சோதனை செய்துகொண்டு வந்துவிட்டார்கள். முஸ்லிம் மணமக்களுக்குத் திருமணத்துக்கு முன் அது கட்டாயம். பத்துப் பொருத்தமும் பார்த்து முகூர்த்தம் குறிக்கும் நம் ஆண்களைத்தான் யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பதற்காகக் கட்டாயப்படுத்தலாம் என்று சொல்லவில்லை. வற்புறுத்திச் செய்விக்கும் சோதனையில் எனக்கு உடன்பாடு இல்லை.

மே மாதம் வந்தது. நான்காம் தேதிக்கு மறுநாள் இரவு ஒரு படம் அனுப்பினான்: குழாயில் குச்சி, 'சி' அருகில் ஒற்றைக் கோடு. எத்தனை மணிக்குக் குச்சியை வைத்தாய் என்று கேட்டேன். எட்டரைக்கு வைத்துவிட்டுத் தூங்கிவிட்டானாம். வேலை முடித்து வந்த களைப்பு. படம் எடுத்தது பதினொன்றேகாலுக்கு. 40 நிமிடம் தாண்டிய குச்சியை நான் படிப்பதில்லை என்றேன். "மாமா, ஒரு கோடுதானே இருக்கிறது!" என்று கத்தினான். காய்ந்துபோன குச்சி எதையும் காட்டும், எதையும் மறைக்கும். பெட்டியிலேயே அப்படிப் படிக்காதே என்றுதான் எழுதியிருக்கிறது. குச்சியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் குப்பையில் போடச் சொன்னேன்.

அந்த வாரமே விடுப்பு எடுத்துக்கொண்டு அரசாங்க சுகாதார கிளினிக்குக்குப் போய், எண் வாங்கி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, இரத்தம் கொடுத்தான். தொற்று இல்லை என்று முடிவு வந்தது. அதற்குள் 90 நாளைத் தாண்டிவிட்டதால் அந்த முடிவை நானும் மறுக்கவில்லை. எனக்காக ஒரு நாள் சம்பளம் போயிற்று என்று இன்றும் முணுமுணுக்கிறான்.

போன வாரம் மறுபடியும் பேசினான். மிச்சமிருந்த அந்த இரண்டாம் பெட்டி என்னிடம் இருக்கிறதா என்று கேட்டான். யாருடைய கண்ணில் படக்கூடாது என்று வண்டிக்குள் ஒளித்து வைத்தானோ, அந்த அறைத்தோழர்களில் ஒருவனுக்குத்தான் வேண்டுமாம். அவன் தானே விரும்பிக் கேட்கிறானா என்று உறுதி செய்துகொண்டு, வரச் சொன்னேன். வரும்போது தேதியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும் என்றும், நாசி கண்டாரைச் சோதனைக்குப் பிறகு சாப்பிட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.